தொலைதூரக் கோளின் காற்றில் ஒரு மூலக்கூறு: எந்தச் சான்று போதும்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 2025 ஏப்ரலில் ஓர் ஆய்வுத்தாளை வெளியிட்டது. சிம்ம விண்மீன் கூட்டத் திசையில் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18 பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடோ, அதன் நெருங்கிய உறவான டைமெத்தில் டைசல்பைடோ, அல்லது இரண்டுமோ இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது என்றும், அதன் உறுதி 3 சிக்மா என்றும் அந்தத் தாள் கூறியது. பூமியில் டைமெத்தில் சல்பைடின் பெரும்பகுதி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது; கடற்கரைக் காற்றின் மணத்தில் அதற்கும் பங்குண்டு. அதனால் வேற்றுலக உயிர் பற்றிய பேச்சு உலகெங்கும் கிளம்பியது. சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் அதே தரவை எடுத்து அலசி, அந்த அறிகுறி நிலைக்கவில்லை என்று எழுதின. அங்கே உயிர் உண்டா இல்லையா என்ற பக்கத்திலிருந்தே இந்தச் சர்ச்சையைப் பலரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் போக முடியாத, படமாகக்கூடப் பார்க்க முடியாத ஒரு காற்றில் இன்ன மூலக்கூறு இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சிக்மா எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது மட்டும் இதற்குப் போதாது என்பது என் வாதம். இனங்கண்டதாகச் சொல்லும் மூலக்கூறு வேறோர் அலைநீளத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதைத் தனியான அளவீட்டில் பார்த்து, தாய் விண்மீனே அந்தச் சுவட்டைப் பதித்திருக்கலாம் என்ற ஐயத்தையும் நீக்கிய பிறகே அது கண்டுபிடிப்பாகும்.

அளவீடு நடக்கும் விதத்தைப் பார்த்தால் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பது புரியும். கோள் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் குறைகிறது. சூரியனுக்கு முன்னால் பூமி கடந்து போவதை வேறொரு விண்மீனிலிருந்து பார்த்தால் குறையும் ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு. கே2-18 பி பூமியைப்போல் 2.6 மடங்கு ஆரம் கொண்டது. அதன் விண்மீன் நம் சூரியனில் பாதிகூட இல்லாத செங்குறுமீன். ஆகவே அங்கே குறைவு கிட்டத்தட்ட 0.29 சதவீதம். இது கோளின் முழு உருவமும் மறைக்கும் ஒளி. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள மெல்லிய காற்று வளையத்தின் ஊடாக வடிகட்டி வரும் ஒளியில்தான் வளிமண்டலத்தின் செய்தி இருக்கிறது. ஒரு மூலக்கூறு உட்கவரும் அலைநீளத்தில் அந்த வளையம் ஒளிபுகாததாகிவிடும்; கோள் சற்றே பெரிதாகத் தெரியும். வேறோர் அலைநீளத்தில் காற்று ஒளியை விட்டுவிடும். கோள் சற்றே சிறிதாகத் தெரியும். 'பெரிது', 'சிறிது' என்ற இந்த வேறுபாடு பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கிலிருந்து ஓரிரு நூறு பங்கு வரைதான். கே2-18 பி தன் விண்மீனைச் சுற்றிவர 33 நாள் ஆகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் கடப்பைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு சில வாய்ப்புகளே கிடைக்கும்.

இப்படிக் கிடைக்கும் நிறமாலை, பிழைக்கோடுகளோடு ஏறி இறங்கும் சில டஜன் புள்ளிகளின் வரிசை. அதில் எந்த மூலக்கூறின் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஆய்வாளர்கள் வளிமண்டலத்தின் வெப்பநிலை, அழுத்தம், மேகம், மூலக்கூறுகளின் அளவு ஆகியவற்றை லட்சக்கணக்கான விதங்களில் மாற்றி மாற்றிக் கணினியில் நிறமாலைகளை உருவாக்கி, எது தரவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று தேடுகிறார்கள். (இந்த முறையை 2009-லேயே சாரா சீகருடன் சேர்ந்து வளர்த்தெடுத்தவர்களில் மதுசூதனும் ஒருவர், துறைக்கு அது பெரிய கொடை.) குறிப்பிட்ட மூலக்கூறைச் சேர்த்த மாதிரி, சேர்க்காத மாதிரியைவிட எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதையே சிக்மா எண்ணாகச் சொல்கிறார்கள். 3 சிக்மா என்றால் தற்செயலாக அப்படி அமைய ஏறக்குறைய 0.3 சதவீத வாய்ப்பு என்றும், 5 சிக்மா என்றால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும் செய்தித்தாள்கள் விளக்குகின்றன. அந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. காவல்துறை நடத்தும் அடையாள அணிவகுப்பில் சாட்சி தனக்கு முன்னால் நிற்பவர்களில் மிகவும் ஒத்துப்போகிற ஒருவரைக் காட்டுகிறார். உண்மையான குற்றவாளி வரிசையிலேயே இல்லையென்றால், சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பிடிபடுபவர் தவறான ஆள்தான். சிக்மா அளப்பது சாட்சியின் உறுதியை. வரிசையில் யார் யாரை நிறுத்தினோம் என்பது அதன் கணக்கிலேயே வராது.

நிறமாலையியலின் வரலாறு இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் இருந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியனின் தீப்பிழம்புகளில் ஒளிரும் கோடுகளைப் பார்த்தார். அன்று மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கிய சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மஞ்சள் கோடு ஒன்றைக் குறித்துவைத்தார். அது சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்கு அருகில் இருந்தது. ஆனால் அவற்றோடு பொருந்தவில்லை. இங்கிலாந்தில் லாக்யர் அதே கோட்டைக் கிரகணமில்லாமலே பார்த்து, அது புதிய தனிமத்தின் கோடு என்று வாதிட்டார். ஹீலியம் அப்படிப் பிறந்தது. 1895-இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளியேறிய வளிமத்தில் அதே மஞ்சள் கோட்டைக் கண்ட பிறகே பெரும்பாலோரின் ஐயம் தீர்ந்தது. இதற்கிடையே, 1868-க்கு அடுத்த ஆண்டின் கிரகணத்தில், சூரிய வளியத்தில் (கொரோனாவில்) ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதற்கும் புதிய தனிமம் என்ற தீர்ப்பே வந்தது. 'கொரோனியம்' என்று பெயரும் வைத்தார்கள். விண்முகில்களின் பச்சைக் கோடுகளுக்கு 'நெபுலியம்' என்று பெயர். நெபுலியம் உண்மையில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று 1927-இல் ஐரா போவென் காட்டினார். கொரோனியம் பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்பதை 1940-களின் தொடக்கத்தில் பெங்ட் எட்லென் நிறுவினார். அந்த நிலையில் இரும்பு இருக்க வேண்டுமென்றால் வளியம் பத்து லட்சம் பாகை அளவில் கொதிக்க வேண்டும் என்பதை 1869-இல் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

மூன்று கோடுகளும் தெளிவாகவே தெரிந்தன. திரும்பத் திரும்பத் தெரிந்தன. இன்றைய கணக்கில் சொன்னால் எல்லாமே எத்தனையோ சிக்மா. அவற்றில் ஒன்று மட்டுமே புதிய தனிமமாயிற்று. மற்ற இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த ஆக்சிஜனும் இரும்பும், யாரும் பட்டியலில் வைக்காத நிலையில் இருந்தவை. அளவீட்டில் பிழையில்லை. வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று எண்ணியதில்தான் பிழை. ஹீலியத்தை நிலைநாட்டியதும் கோட்டின் பளபளப்பு அல்ல. சூரியனோடு சம்பந்தமே இல்லாத ஆய்வகக் குடுவையில் அதே கோடு தோன்றியதுதான்.

புறக்கோள்களிலும் இப்படி நிலைநாட்டப்பட்ட மூலக்கூறு ஒன்று உண்டு. ஏறக்குறைய 700 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாஸ்ப்-39 பி, சனிக்கோளின் நிறையும் வியாழனைவிடப் பெரிய உருவமும் கொண்டது. சுமார் 900 பாகை செல்சியசில் உப்பிப்போன வளிக்கோளம். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் எடுத்த அதன் நிறமாலையில் 4.3 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடின் மேடு 26 சிக்மா உறுதியில் எழுந்து நின்றது. யாரும் மறுக்கவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே நிறமாலையில் 4.05 மைக்ரான் அருகே இருந்த சிறு புடைப்பு. முதல் ஆய்வுத்தாள் அதற்கு எந்தப் பெயரும் சூட்டவில்லை. இன்னதென்று தெரியவில்லை என்று மட்டும் பதிந்தது. அந்த அடக்கம் பாராட்டத்தக்கது. பின்வந்த ஆய்வுகள் அது கந்தக டை ஆக்சைடாக இருக்கலாம் என்றன. ஆனால் ஹைட்ரஜன் நிறைந்த அத்தகைய சூடான காற்றில் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகவே இருக்க வேண்டும் என்பது சமநிலை வேதியியலின் முடிவு. பிறகு கந்தக டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது? விண்மீனின் புறஊதாக் கதிர்கள் நீராவியை உடைக்கின்றன. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சில் துண்டுகளும் ஹைட்ரஜன் சல்பைடைச் சிதைத்து, கந்தகத்தைப் படிப்படியாக ஆக்சிஜனோடு சேர்க்கின்றன. ஷாங்-மின் சாய் தலைமையிலான குழு 2023-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியது. புறக்கோள் ஒன்றின் காற்றில் ஒளிவேதியியல் நடப்பதற்குக் கிடைத்த முதல் சான்று இது.

அந்தக் கணக்கு சரியென்றால், அதே மூலக்கூறு 7.7 மைக்ரானிலும் 8.5 மைக்ரானிலும் உட்கவர வேண்டும். 2023-இல் ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவி வேறொரு கடப்பின்போது அந்த அலைநீளங்களைப் பார்த்தது. இரண்டு இடத்திலும் இருந்தது. 2024-இல் அந்த முடிவு வெளியாயிற்று. முதலில் 4.05 மைக்ரானில் அதற்குக் கிடைத்திருந்த உறுதி எவ்வளவு தெரியுமா? ஒரு கருவிமுறையில் 2.7 சிக்மா, இன்னொன்றில் 4.8. கே2-18 பி-யில் சொல்லப்பட்ட 3 சிக்மாவிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆனாலும் இன்று வாஸ்ப்-39 பி-யின் கந்தக டை ஆக்சைடைப் பெரும்பாலும் யாரும் சந்தேகிப்பதில்லை. அதை நிலைநாட்டியது எண்ணின் அளவல்ல. அது எப்படி உருவாகும் என்ற வேதியியல் தனியாகக் கிடைத்தது. முன்கூறல் வேறு கருவியில், வேறு நாளில், வேறு அலைநீளத்தில் பலித்தது.

இப்போது கே2-18 பி-க்குத் திரும்பலாம். இந்தக் கோளின் காற்றில் நீராவி இருப்பதாக 2019-இல் ஹபிள் தரவைக் கொண்டு இரண்டு குழுக்கள் அறிவித்தன. 1.4 மைக்ரான் அருகே ஒரு மேடு இருந்தது. நீராவிக்கு அங்கே உட்கவர்வு உண்டு. 2023-இல் ஜேம்ஸ் வெப் இன்னும் நீண்ட அலைநீளங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அது மீத்தேன் என்று தெரிந்தது. மீத்தேனும் 1.4 மைக்ரான் அருகே உட்கவரும். ஹபிள் கண்ட மேடு பொய்யல்ல, பெயர்தான் தவறு. மீத்தேன் 5 சிக்மா, கார்பன் டை ஆக்சைடு 3 சிக்மா என்று அறிவித்த அதே 2023 ஆய்வுத்தாளில்தான் டைமெத்தில் சல்பைடின் மிக மெல்லிய குறிப்பும் முதன்முதலில் வந்தது.

அந்த மூலக்கூறின் அமைப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கந்தக அணுவின் இரு புறமும் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி, அவ்வளவுதான். அகச்சிவப்பில் இது உட்கவரும் இடங்களில் பெரும்பாலானவை அந்த மெத்தில் தொகுதியின் அசைவுகளே. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்குவது 3.4 மைக்ரான் அருகே. மெத்தில் வளைந்து நெளிவது 7 மைக்ரான் அருகே. பக்கவாட்டில் ஆடுவது 10 மைக்ரான் அருகே. மெத்தில் தொகுதி கரிம வேதியியலில் எங்கும் கிடக்கும் பொருள். மீத்தேனின் வலுவான பட்டை 3.3 மைக்ரானில் டைமெத்தில் சல்பைடின் முதல் பட்டையின் மேலேயே படிகிறது. மிரி கருவியின் குறைந்த பிரிதிறனில் தனிக் கோடுகள் தெரியாது; அகன்ற மேடுகள் மட்டுமே தெரியும். அந்த அகலத்தில் ஒரு மெத்தில் சேர்மத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வது மிகவும் கடினம். 2025 ஏப்ரல் ஆய்வு சுமார் 20 மூலக்கூறுகளைக் கொண்ட மாதிரியோடு தொடங்கியது. லூயிஸ் வெல்பாங்க்ஸ், மேத்யூ நிக்சன் ஆகியோரின் குழு பட்டியலை 90-ஆக விரித்தபோது, புரொபைன் போன்ற வேறு சில சேர்மங்களும் அதே அளவு நன்றாகவோ இன்னும் நன்றாகவோ பொருந்தின. ஆக்ஸ்போர்டின் ஜேக் டெய்லர் இன்னும் எளிய கேள்வி கேட்டார்: மூலக்கூறே இல்லை, வெறும் நேர்கோடு என்று வைத்தால் பொருந்துமா? பொருந்தியது. கேம்பிரிட்ஜ் குழுவும் தங்கள் பங்குக்குப் பட்டியலை 650-ஆக விரித்துத் தேடியது. அதில் டைமெத்தில் சல்பைடு முன்வரிசையில் நின்றது, ஆனால் தனித்து நிற்கவில்லை. விமர்சனத்தை இப்படி ஏற்றுப் பட்டியலை விரித்ததை நான் மதிக்கிறேன். அதோடு அந்தச் செயலே என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது: தரவு மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள் மாறினார்கள், முடிவின் உறுதி மாறிவிட்டது.

வரிசையில் பெரும்பாலும் மறந்துபோகும் ஆள் விண்மீனே. வளையத்தின் வழியாக வரும் ஒளி விண்மீனின் ஒளி. அந்த விண்மீன் ஒரே சீராக ஒளிர்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கோளின் பங்கைப் பிரிக்கிறோம். உண்மையில் எந்த விண்மீனும் அப்படி இல்லை. நம் சூரியனின் கரும்புள்ளிகளிலேயே நீராவி இருப்பதை 1995-இல் கண்டிருக்கிறார்கள்; அங்கே வெப்பம் நீர் மூலக்கூறு உடையாமல் நிற்குமளவுக்குத் தணிந்திருக்கிறது. செங்குறுமீன்களின் புள்ளிகள் இன்னும் குளிர்ந்தவை. 2023-இல் 26 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஜிஜே 486 பி என்ற பாறைக்கோளின் கடப்பில் நீராவியின் சாயல் தெரிந்தது. அது கோளின் காற்றா, விண்மீனின் புள்ளிகளா என்று அந்த ஆய்வாளர்களே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அதன் பகல் பக்க வெப்பத்தை அளந்தார்கள். அடர்ந்த வளிமண்டலம் ஏதும் அங்கே இல்லை என்றது அந்த அளவீடு. புறக்கோள் ஒன்றின் காற்றில் முதன்முதலில் கண்டதாகப் பாடநூல்களில் இடம்பெற்ற எச்டி 209458 பி-யின் சோடியமும் இதே சோதனைக்கு உள்ளாயிற்று. 2002-இல் டேவிட் சார்போனோ குழு ஹபிள் கொண்டு அளந்தது, சோடியக் கோட்டில் மட்டும் 0.023 சதவீதக் கூடுதல் மறைப்பு. 2020-இல் நூரியா காசாசயாஸ்-பாரிஸ் குழு மிக உயர்ந்த பிரிதிறனில் பார்த்தது. சுழலும் விண்மீனின் நெருங்கி வரும் பாதியையும் விலகிச் செல்லும் பாதியையும் கோள் மாறி மாறி மறைப்பதும், விண்மீனின் நடுவுக்கும் விளிம்புக்கும் கோடு வேறுபடுவதும் சேர்ந்தாலே தாங்கள் கண்ட குறிகளை விளக்கிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். முதல் அளவீடு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விண்மீனின் பங்கை மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது என்பதே பொருள்.

இவ்வளவு கடுமை வைத்தால் சிறிய கோள்களில் எதையுமே கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது என்பது எதிர்வாதங்களில் வலுவானது. வாஸ்ப்-39 பி போன்ற உப்பிய கோளின் குறி பெரிது. பாறைக்கோளின் குறி மிகச் சிறிது. மெல்லிய முதல் அறிகுறியை வெளியிட்டால்தானே அடுத்த சுற்றுத் தொலைநோக்கி நேரம் கிடைக்கும்? இதில் நியாயம் இருக்கிறது. 3 சிக்மாவை வெளியிடக் கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. 4.05 மைக்ரான் புடைப்பைப் பெயரில்லாமல் வெளியிட்டது போலவே, கே2-18 பி-யின் மிரி தரவையும் 'மெத்தில் தொகுதியுள்ள ஏதேனும் சேர்மமாக இருக்கலாம். உறுதிப்படவில்லை' என்று வெளியிட்டிருந்தால் அடுத்த அளவீட்டுக்கான தேவை சற்றும் குறைந்திருக்காது. மூலக்கூறின் பெயரோடு உயிரின் பெயரையும் சேர்த்தபோதுதான் மெல்லிய குறி பாரம் தாங்காமல் வளைந்தது.

இன்னொரு எதிர்வாதம், மாதிரிகளை ஒப்பிடும் புள்ளியியலே பட்டியலின் விரிவைக் கணக்கில் எடுக்கும் என்பது. எடுக்கும், எழுதிக் கொடுத்த பட்டியலுக்குள் மட்டும். கொரோனியக் காலத்தில் பதின்மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. 2020-இல் வெள்ளியின் மேகங்களில் ஜேன் கிரீவ்ஸ் குழு அறிவித்த பாஸ்பீனிலும் இதுவே நடந்தது. 267 கிகா ஹெர்ட்ஸ் அருகே ஒரே ஒரு கோடு. அதே இடத்துக்கு மிக அருகில் கந்தக டை ஆக்சைடுக்கும் கோடு உண்டு. பின்னணி அலைவுகளை நீக்கப் பயன்படுத்திய கணித வளைவே போலிக் கோடுகளை உண்டாக்கலாம் என்றும் பிறர் காட்டினார்கள். அண்டை வீட்டுக் கோளிலேயே, ஒரு கோடு மட்டும் கையில் இருந்தால் ஐந்தாண்டு கடந்தும் விவாதம் முடிவதில்லை.

டைமெத்தில் சல்பைடு உறுதியாக இருந்தாலும் அதிலிருந்து உயிருக்குப் போகும் வழி குறுகலானது. 67பி வால்மீனில் ரொசெட்டா விண்கலம் எடுத்த தரவில் அது இருப்பது 2024-இல் தெரியவந்தது. அங்கே உயிர் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்த எளிய வளிமங்களின் மேல் புறஊதா ஒளி பாய்ச்சியும் அதை உருவாக்கியிருக்கிறார்கள். மூலக்கூறை இனங்காண்பதும் அது எப்படி வந்தது என்று காண்பதும் தனித்தனி வேலைகள். முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடங்க முடியாது.

கே2-18 பி விஷயத்தில் எது என்னை நம்பவைக்கும் என்று சொல்லிவிடலாம். 3.4, 7, 10 மைக்ரான் ஆகிய மூன்று இடங்களிலும் வெவ்வேறு கடப்புகளில், வெவ்வேறு கருவிகளில் அளந்த தரவு ஒரே செறிவைத் தர வேண்டும். அந்தச் செறிவு மீத்தேனோடும் கார்பன் டை ஆக்சைடோடும் ஒத்துவாழும் வேதியியல் கணக்கில் அடங்க வேண்டும். மெத்தில் கொண்ட மற்ற சேர்மங்களோடு போட்டியிட்டு அது தெளிவாக முந்த வேண்டும். கூடுதல் கடப்புகளைச் சேர்த்த பின்னாளைய ஆய்வில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் உறுதிப்பட்டன. டைமெத்தில் சல்பைடு உறுதிப்படவில்லை. அதை உறுதிப்படுத்தத் தொலைநோக்கி நேரம் மட்டும் போதாது. மெத்தில் சேர்மங்கள் பலவற்றின் உட்கவர்வு இன்றும் அறை வெப்பநிலையில், நைட்ரஜன் சூழலில் அளந்த தரவாகவே பட்டியல்களில் இருக்கிறது. கே2-18 பி-யின் காற்று ஹைட்ரஜன். அதே சேர்மங்களை ஹைட்ரஜன் சூழலில், வெவ்வேறு வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒவ்வொன்றாக அளந்து வைப்பது, ஒரு தொலைநோக்கியின் செலவில் மிகச் சிறு பகுதியில் முடியக்கூடிய ஆய்வக வேலை. அதைச் செய்ய ஆட்களும் பணமும் இப்போதே ஒதுக்கப்பட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பத்தாண்டில் வரவிருக்கும் பெருந்தொலைநோக்கிகள் இதைவிடத் துல்லியமான நிறமாலையை, இதே அரைகுறைப் பட்டியலோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.